ஈரத் தரை

நெரெய்தா வீட்டைத் துடைத்து முடித்து, வாளியில் மிஞ்சிய தண்ணீரை வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பயாமோவிலிருந்து வரவேண்டிய பெண் மேட்டின் மேல் தலைகாட்டினாள். முன்னால் உபால்தோவின் கோவேறு கழுதை, அதன் முதுகில் அந்தப் பெண்ணின் பை, பக்கத்தில் சுருட்டுப் புகையோடு உபால்தோ, எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைக்க அவள். முந்தின இரவு மலையில் நல்ல மழை. அவள் காலணிகள் இரண்டும் செம்மண் கட்டிகளாக இருந்தன.

வாரக்கணக்காக எதிர்பார்த்திருந்த ஆள். இவள் வரும் நாளில் போட்டுக்கொள்ளவே நெரெய்தா பூப்போட்ட ரவிக்கை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். எப்படி வரவேற்பது, எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்றெல்லாம் கணவன் எராஸ்மோவிடம் பேசிப் பேசி அவன் காது புளித்துப்போயிருந்தது. ஆனால் அந்தச் சேற்றுக் காலணி வாசற்படியை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவள் வாய் தானாகப் பேசிவிட்டது.

"அங்கயே நில்லு மகளே. தரை ஈரமா இருக்கு."

அந்தப் பெண் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள். உபால்தோ சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்படியே தோமாசா" என்றார்.

நெரெய்தா அவரை முறைத்தாள். அவர் உடனே கழுதையின் வயிற்றுப் பட்டையை அவிழ்ப்பதில் மும்முரமானார். வீட்டுக்குள் எராஸ்மோ, ஈரத் தரையின் நடுவே தீவில் மாட்டியவன் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடதுகாலைத் தானாகவும் வலதுகாலைக் கையால் தூக்கியும் நாற்காலிச் சட்டத்தின் மேல் வைத்திருந்தான். துடைத்த தரை காயும்வரை அந்த வீட்டில் அவனுக்கே இறங்க அனுமதி கிடையாது.

"உள்ள வரமுடியாதும்மா, பழகிக்கோ" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். "நான் முப்பது வருஷமா பழகிட்டேன்."

அந்தப் பெண்ணின் பெயர் மரிலெய்திஸ். மாகாணத்தின் பழைய இடங்களையும் நினைவுக் கற்களையும் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் வேலை. பயாமோவிலிருந்து மன்சனில்யோ வரை பேருந்து, அங்கிருந்து பிலோன் வரை லாரி, பிலோனிலிருந்து கடலோரச் சாலையில் இன்னொரு லாரி என்று விடிகாலையில் கிளம்பி வந்திருந்தாள். வெளியே, வாழை நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, குச்சியால் காலணியைச் சுரண்டினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. நெரெய்தா பின்பக்கமாகச் சுற்றிப்போய் அடுப்படியில் துணி வடிகட்டியில் காப்பி இறக்கி, சின்னக் கோப்பைகளில் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் காது மடல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. யாரால் காரியம் ஆகவேண்டுமோ அவளையே வாசலில் நிறுத்திவிட்டாள்.

காரியம் இதுதான். எல் மாமே என்கிற அந்த ஊர், மலை கடலுக்குள் இறங்குகிற சரிவில் சிதறிக் கிடக்கும் கொஞ்சம் வீடுகள். நெரெய்தாவின் வீடு மேட்டில். உபால்தோவின் வீடு கீழே, ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். வாசலில் நின்று கல்லெறிந்தால் சாலையில் விழும், இன்னும் கொஞ்சம் பலமாக எறிந்தால் கருமணல் கரையில் விழும். பிப்ரவரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது எராஸ்மோவுக்குப் பக்கவாதம் வந்தது. கை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, அவன் கேலியும் திரும்பிவிட்டது. வலதுகால் மட்டும் திரும்பவில்லை. பிலோன் மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: இங்கே கம்பியைப் பிடித்து நடக்கவேண்டும், மற்ற நாளெல்லாம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நடக்கவேண்டும், இந்த வருஷத்துக்குள் செய்தால் கால் வரும், இல்லாவிட்டால் இறுகிவிடும்.

மேட்டிலிருந்து அவனை எப்படி இறக்குவது? உபால்தோவின் கோவேறு கழுதைக்கு 'மணப்பெண்' என்று பெயர், நடை அப்படி. அதன்மேல் ஏற்றிக் கட்டி இரண்டு முறை இறக்கினார்கள். இரண்டாவது முறை வழுக்குப்பாறையில் மணப்பெண் முழங்கால் மடிக்க, எராஸ்மோ கட்டோடு ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கினான். அன்றைக்கு வீடு வந்ததும், தான் காப்பி மூட்டை இல்லை என்றான். அதன்பிறகு இறங்கவே இல்லை.

உபால்தோதான் யோசனை சொன்னார். அவருடைய காப்பிச் செடிகள் எல்லாம் மேட்டில், நெரெய்தா வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தன. மனைவி போனபிறகு தனி ஆள். கீழே கொசு வேறு. தினமும் ஏறி இறங்கி முட்டி தேய்கிறது.

"வீட்ட மாத்திக்குவோம் கொமாய்" என்றார். நெரெய்தாவின் மகள் ஞானஸ்நானத்தில் அவர் ஞானத்தந்தையாக நின்ற நாளிலிருந்து அவளுக்கு அவர் கொம்பாய், அவருக்கு அவள் கொமாய். "நீ கீழ வா, நான் மேல போறேன். நம்ம அப்பா அம்மா செஞ்சதுதான?"

உண்மைதான். அந்த நாட்டில் அப்போது வீட்டை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, மாற்றிக்கொள்ளலாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு குடும்பமும் இதே இரண்டு வீடுகளை மாற்றிக்கொண்டவைதான். நெரெய்தா பிறந்தது கீழ் வீட்டில். உபால்தோ பிறந்தது மேல் வீட்டில். இப்போது மறுபடி மாற்றினால் இரண்டு பேரும் பிறந்த வீட்டுக்குத் திரும்புவார்கள். இதில் யாருக்கு என்ன தடை இருக்கமுடியும் என்று பிலோனில் வீட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அம்மாள் முகவரியைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டாள்.

"கல்லு இருக்கிற வீடு. மாத்த முடியாது."

கல் இப்போது மரிலெய்திஸின் முதுகுக்குப் பின்னால், வாசலின் வலப்பக்கச் சுவரில் இருந்தது. வெள்ளைப் பளிங்கு, நான்கு மூலையிலும் பித்தளை ஆணி. போரின் கடைசி வருஷத்தில் போராளிகள் இந்த வழியாகச் சென்றபோது தோமாசா ஃபஹார்தோ இந்த வீட்டின் கதவைத் திறந்து அவர்களை வரவேற்று காப்பி கொடுத்தார் என்று அதில் செதுக்கியிருந்தது. தோமாசா நெரெய்தாவின் அம்மா. கடலோர ஹோட்டலிலிருந்து வியாழக்கிழமைகளில் வெளிநாட்டார் சிலர் லாரியில் வருவார்கள். நெரெய்தா அவர்களுக்குக் காப்பி கொடுத்து, அம்மா கதவைத் திறந்த கதையைச் சொல்வாள். யாராவது மேசையைத் தொட்டுப்பார்த்து, இதிலா உட்கார்ந்து குடித்தார்கள் என்று கேட்டால் புன்னகை செய்வாள். மேசை எராஸ்மோ தன் பழைய படகுப் பலகையில் செய்தது.

தரை காய்ந்துவிட்டது. எல்லோரும் உள்ளே போய் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெரெய்தா சொல்லவேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

கல் தப்பான வீட்டில் இருக்கிறது என்றாள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ரகசியம் ஒன்றுமில்லை. போராளிகள் வந்த காலத்தில் தோமாசா கீழ் வீட்டில் இருந்தாள். கல் வந்தது இருபது வருஷம் கழித்து, வீடு மாற்றிக்கொண்டபிறகு. ஜீப்பில் வந்தவர்கள் தோமாசாவின் வீடு எது என்று சாலையில் கேட்டார்கள். ஊரார் மேட்டைக் காட்டினார்கள். அவர்கள் கேட்டது தோமாசாவின் வீடு. தோமாசா இருந்தது மேட்டில். யாரும் பொய் சொல்லவில்லை.

"எங்கம்மா சொல்லிப் பாத்தாங்க" என்றாள் நெரெய்தா. "அது கீழ் வீடுன்னு. அதுக்கு அந்த கொத்தனாரு, 'அம்மா, சிமெண்ட் குழைச்சாச்சு'ன்னாரு."

மரிலெய்திஸ் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மாகாணத்தில் கல் பதிக்கும் வேலையில் இருக்கிறவளுக்கு அது புதிதாக இருந்திருக்காது. குழைத்த சிமெண்டு யாருக்காகவும் காத்திருக்காது; அதை மறுபடி மேட்டிலிருந்து சுமந்து இறக்க யாருக்கும் மனசும் வராது.

"அதனால" என்று உபால்தோ கைகளை விரித்தார், "கல்லைக் கழட்டிக்கிட்டுப் போங்க. வீடு சும்மா வீடாயிடும். நாங்க மாத்திக்குவோம்."

மரிலெய்திஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்ட செய்தி சொல்லப்போகிறவர்கள் கோப்பையை நகர்த்துவது போல அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"கழட்டலாம். அது பெரிய விஷயமில்ல. ஆனா கழட்டி எங்க வைக்கிறது? உண்மையான வீட்லதான வைக்கணும்."

"வச்சுக்கோங்க" என்றார் உபால்தோ.

"வச்சா, அப்புறம் அந்த வீட்ட மாத்த முடியாது."

வெளியே மணப்பெண் வாழையிலையை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வாரம் இரண்டு வீட்டையும் மனசுக்குள் அளந்து, எந்தக் கட்டில் எந்த மூலையில் என்றுவரை பேசி முடித்த இருவருக்கும் இது மட்டும் தோன்றவே இல்லை. கல்லுக்கும் கால் உண்டு. அது அவர்களுக்கு முன்னாலேயே இறங்கிப்போய்க் கீழ் வீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

கல்லை எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளக்கூடாதா என்று உபால்தோ கேட்டார். அது நடக்காது என்றாள் மரிலெய்திஸ். டிசம்பரில் ஆண்டுவிழா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், வீடு எதுவென்று தெரிந்தபிறகு தெரியாதது போல அவளால் எழுத முடியாது. அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எராஸ்மோவின் காலை அவள் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு கிழவி" என்றான் எராஸ்மோ. "எனக்கு இங்கருந்தே கடல் தெரியுது."

அதை அவன் சொன்ன விதம்தான் நெரெய்தாவைச் சுட்டது. மிக லேசாகச் சொன்னான், பல நாள் பழகி வைத்திருந்தது போல. காலையில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து படகுகளின் சத்தத்தை வைத்தே யார் யார் கிளம்புகிறார்கள் என்று அவளுக்குச் சொல்வான். இப்போது போறது சிரோ, மோட்டார் இருமுது பார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்தபிறகு கொஞ்ச நேரம் எதுவும் சொல்லமாட்டான். அந்தக் கொஞ்ச நேரம் இப்போதெல்லாம் நீண்டுகொண்டு போனது.

உபால்தோ மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. அது என்ன கேள்வி என்று அவளுக்குத் தெரியும். வாசலில் அவர் தோமாசா என்று சொல்லிச் சிரித்தபோதே தெரியும். அவர் கேட்கமாட்டார் என்றும் தெரியும். அது அவளுடைய அம்மாவின் சமாச்சாரம், அவள்தான் பேசவேண்டும்.

கல்லில் இருந்தது இரண்டு தப்பு. வீடு ஒன்று. இன்னொன்றை எந்த வியாழக்கிழமையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மா என்ன ஆவாள்? இந்தச் சரிவு முழுக்க, கதவைத் திறந்தவள் என்றுதான் அவளுக்குப் பெயர். டிசம்பர் தோறும் பள்ளியில் ஒரு சிறுமி தோமாசாவாக வேஷம் கட்டி, அட்டைக் கதவைத் திறப்பாள், எல்லோரும் கை தட்டுவார்கள். அம்மா உயிரோடு இருந்தவரை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். கதவு திறக்கும்போது அம்மா கைக்குட்டையில் முகத்தைத் துடைப்பாள். வியர்க்கிறது என்பாள். டிசம்பரில்.

நெரெய்தா எராஸ்மோவின் வலதுகாலைப் பார்த்தாள். தரையில் அது இருந்த இருப்பு, யாரோ விட்டுவிட்டுப்போன பொருள் மாதிரி இருந்தது.

"எங்கம்மா அவங்கள வீட்டுக்குள்ள விடல" என்றாள்.

மரிலெய்திஸ் நிமிர்ந்தாள்.

நெரெய்தாவுக்கு அப்போது ஏழு வயது. கீழ் வீடு அன்றைக்கு ஈச்ச ஓலைக் கூரை, மண் தரை. அந்தப் பக்கத்துப் பெண்கள் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து மண் தரையை மெழுகுவார்கள். காயக் காயத் தரை சிமெண்டு போல வெளிறி இறுகும். காய்வதற்குள் ஒரு கால் பட்டாலும் எல்லாம் போச்சு, அடுப்புச் சாம்பல் மறுபடி சேர ஒரு வாரம் ஆகும். அன்று காலையில் அம்மா மெழுகி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தூறல். ஆற்றுப் பக்கமிருந்து அவர்கள் வந்தார்கள். நெரெய்தாவுக்கு ஞாபகம் இருப்பது தாடிகளும் சேறும்தான். முழங்கால்வரை சேறு. ஒருவன் தாடி நனைந்த ஆட்டின் தாடி போலச் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் உள்ளே வந்து உட்காரலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

தரை காயவில்லை என்றாள். எதிரே புளியமரத்தடியில் நில்லுங்கள், காப்பி கொண்டுவருகிறேன் என்றாள்.

"அதுல சின்னவன் ஒருத்தன்" என்றாள் நெரெய்தா. "மீசை கூட சரியா வரல. அவன் கேட்டான், 'அம்மா, போர்ல ஜெயிச்ச பிறகாவது உள்ள வரலாமா?'ன்னு. எங்கம்மா, 'தரை காஞ்சா இப்பவே வரலாம்'னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க."

அவர்கள் மரத்தடியில் தூறலில் நின்று கொட்டாங்குச்சிகளில் காப்பி குடித்தார்கள். வீட்டிலிருந்த சர்க்கரை முழுவதையும் அம்மா அதில் போட்டிருந்தாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு அவர்கள் சரிவில் ஏறிப் போனார்கள். சில நாள் கழித்து மலைக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையில் அந்தச் சின்னவன் இறந்துபோனான் என்று செய்தி வந்தது. அவனாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா உறுதியாக நம்பினாள்.

அதன்பிறகு கல் வந்தது. வரும்போதே செதுக்கி வந்தது. கதவைத் திறந்தார் என்று யார் சொல்லிச் செதுக்கினார்களோ. போராளிகள் வந்தால் கதவைத் திறப்பார்கள், வேறென்ன செய்வார்கள் என்று எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தவர் நினைத்திருக்கலாம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தாள். வீட்டைப் பற்றி மட்டும்தான் வாய் திறந்தாள். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவந்தாளோ என்னவோ, சிமெண்டு குழைத்தாகிவிட்டது. பிறகு சாகும்வரை வாரம் ஒருமுறை அந்தக் கல்லை ஈரத் துணியால் துடைப்பாள். துடைக்கும்போது அதைப் பார்க்கமாட்டாள். முகம் கடல் பக்கம் இருக்கும்.

"ஆத்துல வெள்ளம் வருதுன்னு சொல்லித்தான் அந்த வீட்ட மாத்துனாங்க" என்றாள் நெரெய்தா. நிறுத்தி யோசித்தாள். "கீழ் வீட்டு வாசல்ல நின்னா புளியமரம்தான் தெரியும். இங்கருந்து தெரியாது."

இதை அவள் இதற்கு முன் நினைத்ததுகூட இல்லை. சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டது.

உபால்தோ தொண்டையைச் செருமினார். "நான் அப்ப மரத்து மேல இருந்தேன்" என்றார். "புளியங்கா திருட வந்தவன். துப்பாக்கிய பாத்து இறங்கல. அவங்க போறவரைக்கும் ஒரு கொப்பைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கொமாய் சொல்றது சரிதான். யாரும் உள்ள போகல."

"நீ சொல்லவே இல்லையே கொம்பாய், மரத்துல இருந்தேன்னு."

"உங்கம்மா மரம்ல அது. திருட வந்தேன்னு எப்படி சொல்றது?"

எராஸ்மோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மரிலெய்திஸ் சிரிக்கவில்லை. அவள் காலியான கோப்பையின் அடியில் தங்கிய காப்பித் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெரெய்தா அவள் முகத்தையே பார்த்தாள். அம்மாவைப் பற்றி இந்தப் பெண் என்ன நினைக்கிறாளோ. போராளிகளை மழையில் நிறுத்தியவள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றாள் மரிலெய்திஸ் கடைசியில். "எங்கம்மா தரை தொடைச்சா எங்கப்பா தெருவுல நின்னுதான் பேப்பர் படிப்பாரு. சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு யூனிஃபார்மோட." கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த மரம் இருக்கா?"

இருந்தது. உபால்தோ அவளை அழைத்துக்கொண்டு இறங்கினார். நெரெய்தாவும் கூடப் போனாள். புளியமரம் கீழ் வீட்டு வேலிக்கு வெளியே, பாதையோரம் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் காய்க்காக வேலி தாண்டி வந்து தொல்லை செய்ததால் உபால்தோவின் அப்பா மரத்தை வெளியே விட்டுவிட்டு வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருந்தார். மரம் யாருடைய வீட்டிலும் இல்லை. மரிலெய்திஸ் அதைச் சுற்றி நடந்தாள். அடிமரத்தில் கை வைத்துப் பார்த்தாள். கீழ் வீட்டு வாசலைப் பார்த்தாள், வாசலிலிருந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ரெண்டு பேரும் நேர்ல பாத்தவங்க. அது போதும். உள்ள விடலன்னு கல்லுல எழுத முடியாது. இந்த மரத்தடியில நின்னு காப்பி குடிச்சாங்கன்னு எழுதலாம். அதுல பொய் இல்ல."

"அப்போ வீடு?" என்றாள் நெரெய்தா.

"எந்த வீடு? ரெண்டு வீட்லயும் ஒண்ணும் நடக்கலையே."

அந்தப் பதிலை உபால்தோ பின்னாளில் பல பேரிடம் பல விதமாகச் சொல்லிக்காட்டினார். ரெண்டு வீட்லயும் ஒண்ணும் நடக்கல, அறுபது வருஷமா நான் ஒண்ணும் நடக்காத வீட்லதான் இருந்திருக்கேன் என்பார். நெரெய்தாவுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. அவள் மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் நின்ற இடம். ஏறக்குறைய இங்கேதான். அம்மா இரண்டு கையிலும் கொட்டாங்குச்சிகளோடு வாசலுக்கும் மரத்துக்கும் நடுவே நடந்த நடை அவளுக்கு அப்படியே தெரிந்தது. காப்பி சிந்தக்கூடாதென்று முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தலையில் தூறல் விழ. ஒருமுறையல்ல, ஆளுக்கு ஆள் நடந்தாள். இதை ஏன் யாரும் நாடகத்தில் போடவில்லை?

பயாமோவிலிருந்து சம்மதம் வர மழைக்காலத்தின் பாதி போனது. ஆனாலும் வந்தது. இரண்டு பேர் வந்து பித்தளை ஆணிகளைத் திருகிக் கழற்றி, கல்லைச் சாக்கில் சுற்றி மணப்பெண்ணின் மேல் ஏற்றினார்கள். வழுக்குப்பாறையில் அது அன்றைக்குத் தடுமாறவே இல்லை. கல்லுக்குக் காட்டிய மரியாதையை எனக்குக் காட்டலியே என்று எராஸ்மோ புலம்பினான். மேல் வீட்டுச் சுவரில் வெளிறிய ஒரு சதுரம் மிஞ்சியது. உபால்தோ குடிவந்த அன்றே அதன் நடுவே ஆணி அடித்துத் தொப்பியை மாட்டினார்.

எராஸ்மோவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படகுப் பலகை மேசை அவனுக்குப் பின்னால் வந்தது. கடைசி வளைவில், கடல் கண் மட்டத்துக்கு வந்த இடத்தில், நிறுத்தச் சொன்னான். நான்கு பேரும் நின்றார்கள். கனமாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

டிசம்பரில் புது விழா நடந்தது. மரத்தடியில் சின்னக் கல், நான்கே வரி. அதிகமான எழுத்தில்தான் தப்பு வருகிறது என்று மரிலெய்திஸ் குறைத்துவிட்டிருந்தாள். வீட்டுக்குள் விட்டதாகவும் அதில் இல்லை, விடாததாகவும் இல்லை. ஆனால் பள்ளி ஆசிரியை நெரெய்தாவிடம் வந்து முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு போயிருந்தாள். இந்த முறை அட்டைக் கதவு இல்லை. பையன்கள் ஆற்றங்கரையில் புரண்டு நிஜச் சேற்றோடு வந்தார்கள். அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தோமாசாவாக வந்த சிறுமி இடுப்பில் கை வைத்து, தரை காயல என்று போட்ட போட்டில் கூட்டம் முழுவதும் சிரித்தது. நெரெய்தா உடம்பு விறைத்து உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் அந்த வாசலில் தானே நிற்பது போலச் சிரித்தாள். பிறகு சிறுமி கொட்டாங்குச்சிகளை ஏந்திக்கொண்டு, முழங்கையை ஒட்டிக்கொண்டு, ஆளுக்கு ஆள் நடந்தபோது சத்தம் தானாக அடங்கியது. நெரெய்தா கைக்குட்டையை எடுத்தாள். வியர்க்கிறது என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லவில்லை.

எராஸ்மோ வாரத்தில் மூன்று நாள் லாரியில் பிலோனுக்குப் போனான். மற்ற நாட்களில் காலையில் கோலை ஊன்றிக்கொண்டு, கரையில் வலை உலர்த்துபவர்களோடு வாயாடிக்கொண்டே கடலில் இறங்குவான். இடுப்பளவு தண்ணீரில், கரைக்கு இணையாக, மெதுவாக, யாரையோ தேடுவது போல நடப்பான்.

ஒருநாள் அவன் போனபிறகு நெரெய்தா தரையைத் துடைத்தாள். கீழ் வீட்டில் இப்போது சிமெண்டுத் தரை. கடைசி மூலையிலிருந்து பின்வாங்கி வாசலுக்கு வந்து நிமிர்ந்தபோது, எதிரே எராஸ்மோ நின்றான். வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டான். கால்சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, முழங்கால்வரை கருமணல். உதடு நீலம் பாரித்திருந்தது. வடக்குக் காற்று அடிக்கிற நாள்.

அவன் படிக்கு முன்னால் தானாகவே நின்றுவிட்டான். தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மரத்தடிக்குப் போகவா கிழவி?"

அவளுக்குப் பின்னால் தரை பளபளவென்று கிடந்தது. அவனுக்குப் பின்னால் புளியமரம். நெரெய்தாவின் கை தன்போக்கில் வாசல் நிலையைப் பிடித்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

"உள்ள வா" என்றாள்.

"ஈரம்."

"தெரியும். வா."

அவன் நம்பாமல் இடதுகாலை வைத்தான். பிறகு கோலை. பிறகு வலதுகாலை இழுத்தான். மேசைவரை அப்படியே போய் உட்கார்ந்தான். நெரெய்தா அவன் தோளில் துண்டைப் போட்டுவிட்டு, காப்பி இறக்கப் போனாள். திரும்பி வந்தபோதுதான் தரையைச் சரியாகப் பார்த்தாள். இடதுகால் தடங்கள் முழுசாக, ஐந்து விரலும் குதியுமாக இருந்தன. வலதுகால் பக்கம் வழக்கம்போல் மணல் கோடு, கலப்பை இழுத்தது போல. ஆனால் மேசைக்குப் பக்கத்தில், கோடு முடிகிற இடத்தில், அது விட்டுப்போயிருந்தது. ஒரு சின்ன இடைவெளி. அதற்கப்புறம் ஒரு குதி, மங்கலாக ஒரு கட்டைவிரல்.

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வாளியை எடுக்கப் போனவள், எடுக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன, திட்டப்போறியா?" என்றான் எராஸ்மோ.

"காப்பிய குடி. ஆறுது."

அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, மறுபடி முதலிலிருந்து துடைத்தாள். மேசைக்குப் பக்கத்திலிருந்த அந்த ஒரு தடத்தைக் கடைசியாகத் துடைத்தாள்.